மஹபூப் பாயின் பச்சைக் குளம்

மஹபூப் பாஷா மாதிரி ஒரு பிடிவாதக்காரரை ஆம்பூரில் நான் பார்த்ததில்லை. அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு செங்கல் சுவர்தான். அந்தச் சுவரோரம் நின்று பல் விளக்கிக்கொண்டே, ஒரு வருஷம் முழுக்க அவர் ஒரு குட்டிக் குளத்தோடு மல்லுக்கு நின்றதைப் பார்த்தவள் நான். சிரித்திருக்கிறேன், முகத்துக்கு நேராகத் திட்டியிருக்கிறேன், சில நாள் பார்க்கவே பிடிக்காமல் வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே போயிருக்கிறேன்.

அவர் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி ஆள். மீசை முளைக்கும் முன்னால் உள்ளே போனவர், மீசை நரைத்த பிறகுதான் வெளியே வந்தார். ஊறிய ஆட்டுத் தோலில் சுண்ணாம்பைப் பூசி, மடித்து வைத்து, மறுநாள் அதன் முடியை வழித்தெடுக்கிற வேலை. சுண்ணாம்பு தின்று தின்று அவர் விரல் நுனியில் ரேகையே கிடையாது. ரேஷன் கடை மிஷினில் அவர் விரலை வைத்தால் அது கண்டுகொள்ளாது. அவர் மனைவி குர்ஷித் அக்கா போய் விரலை வைத்தால்தான் அந்த வீட்டுக்கு அரிசி. "இந்த மனுஷன் இருக்காரான்னு கவர்மெண்டுக்கே சந்தேகம்" என்று அக்கா சொல்லிச் சிரிப்பார். ஒரே மகள் ஹஃப்ஸா கல்யாணமாகி பெங்களூரில் இருக்கிறாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். தங்களுக்குள் உருது பேசிக்கொள்வார்கள். நான் சுவரோரம் வந்தால் மரியாதைக்குத் தமிழுக்கு மாறிவிடுவார்கள்.

அவர் வேலையை விட்டு நின்ற வருஷம்தான் அக்காவின் கண்ணில் பிரஷர் இருப்பது தெரிந்தது. வலியில்லாமல் வருகிற நோய் என்பதால் தெரியாமலே போயிருக்கிறது. வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார். இடது கண் போய்விட்டது, அது திரும்பாது. வலது கண்ணில் இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுப் பிடித்து வைக்கலாம், எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது. வரும்போது பஸ்ஸில் பாய் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாராம். அக்காதான் பேசிக்கொண்டே வந்திருக்கிறார், அதுவும் மீனைப் பற்றி.

ஆஸ்பத்திரியில் உட்கார வைக்கிற இடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்ததாம். அதில் ஆரஞ்சு நிறத்தில் மீன்கள். தன் பெயரைக் கூப்பிட்டது கூடக் காதில் விழாமல் அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். டிவியில் முகங்கள் கலங்கித் தெரிகிற கண்ணுக்கு அந்த மீன் மட்டும் நன்றாகத் தெரிந்ததாம். "கண்ணு போறதுக்குள்ள அந்த மாதிரி ஒண்ண தினம் உக்காந்து பாக்கணும்னு இருக்கு" என்று சொன்னார். எதையும் கேட்டு வாங்கத் தெரியாத பெண்பிள்ளை அவர். பாய் அதைப் பிடித்துக்கொண்டார்.

முதலில் வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டிதான் வைத்தார். லைட்டைப் போட்டால் கண்ணாடியில் பட்டு வருகிற வெளிச்சம் அக்காவின் கண்ணைக் குத்தியது. லைட்டை அணைத்தால் மீனே தெரியவில்லை. சரி என்று தொட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தோட்டத்தில் தென்னை மரத்தடியில் குழி வெட்டினார். ஒரு கட்டில் போடுகிற அளவு, முழங்காலுக்கு மேல் ஆழம். லாரித் தார்ப்பாயை அடியில் விரித்து, ஓரத்தில் கல் அடுக்கி, போர் தண்ணீரை விட்டு, தங்க மீன்களை விட்டார். தென்னை ஓலைக்கு நடுவே வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. அக்கா பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கே பொறாமையாக இருந்தது. நான் ஷூ கம்பெனியில் நாள் முழுக்க ஷூவின் மேல்தோலை, அதான் அப்பர், தைக்கிறவள், எனக்கு யார் குளம் வெட்டுகிறார்கள்?

அந்தச் சந்தோஷம் ஒரு மாசம் தாங்கவில்லை. தண்ணீர் முதலில் லேசாக மங்கியது. பிறகு பச்சையானது. பிறகு மேலே நூல் நூலாகப் பாசி மிதந்தது. அடியில் மீன் இருக்கிறது என்பதே நம்பிக்கைதான், கண்ணுக்குத் தெரியாது.

மீன் விற்ற கடைக்காரர் ஒரு பாட்டில் மருந்து கொடுத்தார். பாய் ஊற்றினார். பாசி வெளுத்து மேலே வந்தது, கூடவே இரண்டு மீனும் வயிற்றைக் காட்டிக்கொண்டு வந்தன. அவ்வளவுதான், அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இனிமே அதுல ஒரு சொட்டு மருந்து விழக்கூடாது. என் கண்ணுல ஊத்துறது போதும்." அதிலிருந்து மருந்தில்லாமல் பாசியை ஒழிப்பதுதான் பாயின் வேலையாகிவிட்டது. எட்டு மணி நேர ஷிப்ட்டெல்லாம் இல்லை, விடிந்தது முதல் பொழுது அடைகிற வரை அதே வேலை.

ஹஃப்ஸா போனில் வீடியோ வீடியோவாக அனுப்பினாள். பாய் ஒன்றையும் விடவில்லை. பழைய கொசுவலையைக் கம்பியில் கட்டி வலை செய்து தினமும் காலையில் பாசியை அரித்து எடுத்தார். வெங்காய மூட்டைச் சாக்கில் வைக்கோலைத் திணித்துக் கல்லைக் கட்டித் தண்ணீரில் போட்டார். அது ஊறி மக்க ஆரம்பித்தால் புதுப் பாசி வளராது என்று சொன்னார்கள். ஏரியிலிருந்து நத்தை பிடித்து வந்து விட்டார். மீனுக்குத் தீனி அதிகமானால் மிச்சம் அழுகிப் பாசிக்குச் சாப்பாடாகும் என்று ஒரு வீடியோவில் வந்தது. அன்றைக்கு அவர் செய்ததில்தான் எனக்குக் கோபம்.

அக்கா தினமும் காலையில் ஒரு பன்னைப் பிய்த்துப் போடுவார். அந்தப் பன்னுக்காகத்தான் மீன்கள் மேலே வரும். பச்சைத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஆரஞ்சு வாய்கள் தெரிகிற அந்த ஒரு நிமிஷம்தான் அக்காவுக்கு மிச்சம். பாய் அதையும் நிறுத்தச் சொன்னார்.

"இன்னா பாய் இது, இருக்கறதையும் புடுங்கறீங்க?" என்று கேட்டேன்.

"கொஞ்ச நாளைக்குத்தான் பாரதிம்மா. தண்ணி தெளிஞ்சிட்டா நாள் பூரா பாக்கலாம்" என்றார்.

அக்கா பன்னைத் தன் டீயில் நனைத்துச் சாப்பிட்டுவிட்டார்.

காலைத் தொழுகை முடிந்து டீ குடித்ததும் பாய் அக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து சேரில் உட்கார வைப்பார். "எப்படி இருக்கு?" என்று கேட்பார். பாய் கண்ணுக்குத் தெரியாதா என்ன? ஆனால் அக்கா வாயால் வர வேண்டும். அக்காவும் தினம் ஒன்று சொல்வார். ஒருநாள் "புதினாச் சட்னி" என்பார். ஒருநாள் "அரைக்கீரைக் கடைசல், உப்பு மட்டும் போடணும்" என்பார். ஒருநாள் "உங்க சின்னம்மா புடவை" என்றார், அந்தச் சின்னம்மா புடவையை நான் பார்த்திருக்கிறேன், கலர் அப்படியேதான். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

ஒரு விஷயம் யாருக்கும் புரியவில்லை. இத்தனை செய்தும் பாசி ஏன் குறையவில்லை? இன்றைக்கு அரித்தால் நாளைக்கு அதே அளவு. நிழல் இருந்தால் பாசி அடங்கும் என்று கேள்விப்பட்டு, அல்லிக் கொடி வாங்க பாய் ஏலகிரி மலைக்குப் போனார். அங்கே ஒரு ரிசார்ட்டில் தோட்டமும் குளமும் பார்த்துக்கொள்கிற ஜெயப்பிரகாஷ் என்பவர், கொடியைத் தானே கொண்டு வந்து நட்டுத் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். அவர் வருவதற்குள் நிழலுக்கு என்று பாய் இன்னொரு காரியமும் செய்து வைத்திருந்தார்.

எங்கள் ஊரில் தென்னைக்கு ஆட்டு முடிதான் எரு. டேனரியில் வழித்துப் போடுகிற முடியை மூட்டையாகக் கொண்டுவந்து மரத்தடியில் புதைத்துவிட்டால் நின்று நிதானமாக மக்கும், மரம் கறுகறுவென்று வரும். பழைய கம்பெனி வாட்ச்மேன் பாய்க்குத் தோஸ்த். கேட்டால் மூட்டை வந்துவிடும். அந்தக் குளத்தை ஒட்டி நிற்கிற தென்னைக்கு வருஷா வருஷம் வைத்து வந்திருக்கிறார். இப்போது ஓலை நன்றாக விரிந்தால் குளத்துக்கு நிழல் கிடைக்குமே என்று வழக்கத்தைவிட ஜாஸ்தியாக, குளத்தோரம் வரைக்கும் புதைத்திருந்தார். அதில் அவருக்குப் பெருமை வேறு. "கடைக்காரன் எரு எல்லாம் இது கிட்ட நிக்காது, ஆயுசு பூரா நான் கையால வழிச்ச சரக்கு இது" என்பார்.

ஜெயப்பிரகாஷ் வந்தார். வண்டியை நிறுத்திவிட்டு அல்லிக் கிழங்குகளை ஈரச் சாக்கோடு தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குள் வந்தவர், குளத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். முதல்நாள் ராத்திரி மழை. தென்னை அடியிலிருந்து காப்பிக் கலரில் தண்ணீர் கசிந்து கல் இடுக்கு வழியாகக் குளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. குச்சியால் கிளறினார். முடி வந்தது, வாடையும் வந்தது.

"இது எவ்ளோ நாளா இருக்குங்க பாய்?" என்று கேட்டார்.

"அது இருக்கும் பத்து பன்னெண்டு வருஷமா. ஏன் சார்?"

"நீங்க தென்னைக்குப் போடலைங்க, பாசிக்குப் போட்டுட்டு இருக்கீங்க. இது உள்ள எறங்குற வரைக்கும் நீங்க இன்னா பண்ணாலும் பச்சைதான். நான் அல்லி நட்டாலும் பிரயோஜனம் இல்ல." அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். போர் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டு, ஒரே உப்பு, இதுவும் வேண்டாம், மழைத் தண்ணி பிடித்து விடுங்கள் என்றார்.

பாய் சேரில் உட்கார்ந்துவிட்டார். அக்காவின் சேர் அது. "நானே ஊட்டி வளத்திருக்கேன்" என்று இரண்டு தடவை சொன்னார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆயுசில் பாதியை அந்த முடியை வழிப்பதில் போக்கியவர். அதனால் அவருக்குக் கிடைத்த ஒரே லாபம் அந்த எருதான், அதுவும் இப்படி ஆனது.

மறுநாளே கடப்பாரையை எடுத்தார். வருஷக்கணக்காகப் புதைத்த முடி, மண்ணோடும் வேரோடும் பின்னிக் கம்பளி மாதிரி கிடந்தது. ஒரு வாரம் தோண்டினார். வாடையில் தெருவே பேஜாராகி அவரைத் திட்டியது. நானும் ஜன்னலை அடைத்துக்கொண்டு திட்டினேன். எல்லாவற்றையும் மூட்டை கட்டி ஊருக்கு வெளியே ஒருத்தர் கொல்லைக்கு அனுப்பினார். குளத்தைச் சுற்றி மண் அணைத்து வரப்பு கட்டினார். மீன்களை டிரம்மில் மாற்றி, குளத்தைக் காலி செய்து, பச்சைச் சேற்றை வாரித் தூரக் கொட்டினார். கூரைத் தண்ணீர் நேராகக் குளத்தில் விழ பைப்பு போட்டார். ஐப்பசி மழைக்குக் காத்திருந்தார்.

மழை வந்து குளம் நிறைந்தது. அல்லி நட்டார்கள். மீன்களைத் திருப்பி விட்டார். கலங்கல் தெளிவதற்குள்ளேயே மறுபடியும் பச்சை கட்டியது. மண்ணில் ஊறிப்போனது வெளியே வரக் கொஞ்ச நாளாகும், விடாமல் அரித்து எடுங்கள் என்று ஜெயப்பிரகாஷ் போனில் சொன்னார். பாய் அரித்துக்கொண்டே இருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் வேலூருக்குப் போக வேண்டிய தேதி வந்தது. அக்கா போகவில்லை. "போன தடவ பாத்து இன்னா சொன்னாங்க? அதே சொட்டு மருந்துதானே. குளம் தெளியட்டும், அப்புறம் போலாம்" என்றார். பாயும் சரி என்றுவிட்டார். அவர் தலை முழுக்கத் தண்ணீருக்குள் இருந்தது. காலையில் "எப்படி இருக்கு?" என்று கேட்டால் அக்கா இப்போதெல்லாம் சட்னியும் சொல்வதில்லை, கீரையும் சொல்வதில்லை. "பச்சைதான்" என்று ஒரே வார்த்தை. சலித்துப் போயிருக்கும் என்று நான் நினைத்தேன். எனக்கே சலித்துத்தான் போயிருந்தது.

கார்த்திகை முடிகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு லீவு. விடிந்து கொஞ்ச நேரத்தில் சுவரோரம் இருந்து பாய் கையைக் காட்டிக் கூப்பிட்டார். சத்தம் போடாதே என்று வாயில் விரல் வைத்தார். போய்ப் பார்த்தேன். அடித் தார்ப்பாயின் நீலம் தெரிந்தது. ஓரத்தில் ஊர்கிற நத்தை தெரிந்தது. அல்லி இலையின் நிழல் அடியில் வட்டமாக விழுந்திருந்தது. அதற்குள் புகுந்து வெளியே வந்து திரும்புகிற மீன்கள், ஒவ்வொன்றின் வாலும் தெரிந்தது. நேற்று மாலையே பாசி கம்மியாகத்தான் இருந்தது, அக்கா கிட்டே ஒன்றும் சொல்லவில்லை என்றார். அந்த மனுஷன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

உள்ளே போய் அக்காவைக் கூட்டி வந்தார். சேரில் உட்கார வைத்தார். எப்போதும் போலக் கேட்கவில்லை. எதிரே நின்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா குனிந்து பார்த்தார். மீன்கள் அவர் காலடிக்கே வந்துவிட்டன. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எப்படி இருக்கு?" என்று பாய்தான் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"பச்சைதான்" என்றார் அக்கா. "ஆனா நேத்திக்கு இன்னைக்கு கொஞ்சம் கம்மி. விட்றாதீங்க, வந்துடும்."

பாய் குனிந்து அந்த முகத்தைப் பார்த்தார். அக்காவின் கண் குளத்துக்கு நேராகத்தான் இருந்தது. மீன் இந்தப் பக்கம் போனபோதும் அந்தப் பக்கம் போனபோதும் அது அங்கேயே இருந்தது. பாய் தன் கையை மெதுவாக அக்காவின் முகத்துக்கு முன்னால் கொண்டுபோனார், ஒரு தடவை ஆட்டினார். அக்காவின் இமை துடிக்கவில்லை. எப்போது போனதோ, யாருக்குத் தெரியும்? எத்தனை நாள் தெரியாத குளத்தைப் பார்த்துப் பச்சை என்று சொன்னாரோ.

"ஆமா" என்றார் பாய். குரலைச் சரி பண்ணிக்கொண்டு இன்னொரு தடவை சொன்னார். "ஆமா, கம்மியாயிருக்கு."

அப்புறம் வலையை எடுத்து அந்தத் தெளிந்த தண்ணீரில் விட்டு, தினமும் அரிக்கிற மாதிரியே சத்தம் வர அரித்தார். வலையில் ஒன்றும் வரவில்லை. அதை ஓரத்தில் தட்டி உதறினார். மறுபடியும் விட்டார். என்னைப் பார்த்து, சொல்ல வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்திருந்தது, துடைக்கக் கூட இல்லை.

மதியம் பாய் தொழுகைக்குப் போன நேரம் அக்கா சுவரைத் தடவிக்கொண்டே வந்து என்னைக் கூப்பிட்டார். மழைக்கு முன்னாலேயே வலது கண்ணும் போய்விட்டதாம். ஒரு காலையில் எழுந்தபோது வெளிச்சம் மட்டும் இருந்திருக்கிறது, அப்புறம் அதுவும் இல்லை.

"அவர் கிட்ட சொல்லிடாதே பாரதி" என்றார். "அந்தப் பாசி இருக்கிற வரைக்கும்தான் அவருக்கு ஒரு வேலை. நான் பாப்பேன்னு நெனச்சித்தான் ஓடிக்கினு இருக்காரு. தெரிஞ்சா அப்படியே உக்காந்துடுவாரு."

நான் வாயாடி என்று இந்தத் தெருவுக்கே தெரியும். அன்றைக்கு அக்காவின் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் மீன்கள் வெயிலில் திரும்பித் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன.

"உண்மையைச் சொல்லு, தெளியுமா அது?" என்று அக்கா கேட்டார்.

"எங்க தெளியுது அக்கா" என்றேன். "இன்னும் ரொம்ப நாள் ஆவும்."

"நல்லது" என்று சொல்லிவிட்டு அக்கா சுவரைத் தடவிக்கொண்டு திரும்பிப் போனார்.